இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே

ஜனவரி 19

குழல்காரருக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. நேற்று நீங்கள் பாதியில் வைத்த பிறகு, போனைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இனி முக்கியமானதை எல்லாம் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதினால் நடுவே புகுந்து "சரி சரி, புரியுது" என்று நீங்கள் வெட்ட முடியாதே.

அறை கிடைத்துவிட்டது. ஒரு தையல் கடைக்கு மேலே. பகலெல்லாம் காலடியில் மெஷின்கள் ஓடுகின்றன. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஒத்திகைக் கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் நாள் வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, "தேர்வுக்கு வந்தீங்களா? அது நேத்தே முடிஞ்சிருச்சேம்மா" என்றார்.

"இல்லங்க, நான் எழுதுறவ."

"என்ன எழுதுறீங்க?"

"உள்ள அவங்க வாசிக்கப்போறத."

நம்பினாரோ இல்லையோ, கதவைத் திறந்துவிட்டார்.

ஒரு வருடத்துக்குள் இந்த இசைக்குழுவுக்காகப் புதிதாக ஒன்று எழுதித் தர வேண்டும். வயலின்கள், புல்லாங்குழல்கள், கிளாரினெட்கள், கொம்புகள் என்று கூடம் நிறைய ஆட்கள். எதை வைத்து எழுதப்போகிறீர்கள் என்று குழுவை நடத்தும் கண்டக்டர் கேட்டார். யோசிக்கவே இல்லை, முனைப் பாட்டு என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது என்னவென்று தெரியாது. விளக்கினேன்: "எங்க ஊர்ல கல்யாண ஊர்வலம் போகும். முன்னால மேளமும் நாகஸ்வரக் குழலும், பின்னால ஜனங்க. தெருமுனையில திரும்புறப்போ பின்னாடி வர்றவங்களுக்கு முன்னால போறவங்க கண்ணுல படமாட்டாங்க. அதனால குழல்காரர் திரும்பி நின்னு ஒரு சின்னப் பாட்டு ஊதுவாரு. 'நாங்க இந்தப் பக்கம் போறோம், வந்து சேருங்க'ன்னு அர்த்தம்." அவர் கைக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "அத யாரு ஊதுறா?" என்று கேட்டார்.

என் கணவர் என்று சொன்னேன்.

நீங்கள் வந்து அதை வாசிக்க வேண்டும். கிளம்புகிற அன்று, "போறதுன்னு முடிவு பண்ணிட்டவளுக்கு என் யோசனை எதுக்கு?" என்று கேட்டீர்களே, அது இன்னும் காதில் இருக்கிறது. கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிறேன். வருவீர்களா?

உங்கள்
வாத்தியாரம்மா


பிப்ரவரி 6

வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நோட்டைத் திருத்துவதுபோல் சிவப்பு மையை எடுத்துவிடாதே.

உன் கண்டக்டர் கதையைக் குழுவில் சொன்னேன். மேளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, "மத்தவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, ஒரே ஒருத்தர் மட்டும் நின்னுக்கிட்டே வர்றாருன்னா, அவரு கண்டக்டர்தான்டா. சந்தேகமே வேணாம்" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அதை உன்னிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

வருவதைப் பற்றிக் கேட்டாய். நான் எந்தப் பாட்டையும் தொடங்கிய இடத்திலேயே நின்று முடித்ததில்லை. கால் நடந்தால்தான் எனக்கு மூச்சு நடக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே காகிதத்தை வைத்துக்கொண்டு, பேசாத ஜனங்களுக்கு முன்னால் ஊது என்றால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அங்கே கிளாரினெட் இருக்கிறதே. அதுவும் குழல்தானே?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்ய? உனக்கு நான் வர வேண்டுமா, முனைப் பாட்டு வர வேண்டுமா?

உன் பியானோவைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறேன். நேற்றுத் துடைக்கும்போது ஒரு கட்டை அமுங்கிவிட்டது. துடைத்தது நான், அமுக்கியது நான், ஆனாலும் கூடத்தில் நீ இருப்பதாக ஒரு கணம் ஏமாந்துபோனேன்.

யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன், வருகிறேன் என்று சொல்லவில்லை.

நான்தான்


மார்ச் 11

குழல்காரருக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி, கிழித்து, மறுபடி எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. உங்களை நான் முதலில் பார்த்ததே ஒரு தெருமுனையில்தான். உங்களுக்கும் நினைவிருக்கும், யாருடைய கல்யாணத்துக்கோ போன நான் அந்தச் சுரங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நின்றேன். "என்ன, மெஹந்தி போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இப்போது ஒரு சிக்கல். என்னிடம் இருந்த உங்கள் பதிவைக் கண்டக்டருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பியானோ வாசிக்கிறவரை அழைத்து உங்கள் ஆதார சுருதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இரண்டு கட்டை சுருதியில் வைத்தால் உங்கள் குழல் மேலே நிற்கிறது. அதற்கு அடுத்த இரண்டரையில் வைத்தால் கீழே இறங்கி நிற்கிறது. சரியாக நடுவில் இருக்கிறது. பியானோக்காரர் இரண்டு கட்டைகளையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட இந்த சுரமே இல்லையே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

உங்கள் குழலைக் கடைந்து தருகிறவரிடம் சொல்லி, கொஞ்சம் நீளம் குறைத்துப் புதிதாக ஒன்று செய்தால் இரண்டரைக்கு வந்துவிடும் என்கிறார்கள். மிகக் கொஞ்சம்தான் குறைக்க வேண்டுமாம். என்ன அளவு என்று தனியே எழுதி வைத்திருக்கிறேன்.

இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். தையல் கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அன்றைக்கு இந்த அறையில் சத்தமே கிடையாது. சத்தமில்லாமல் எனக்கு எழுத வராது என்பது இங்கே வந்துதான் தெரிகிறது. நம் வீட்டில் எந்நேரமும் நீங்கள் சீவாளியை வாயில் வைத்து 'பீ பீ' என்று சரிபார்த்துக்கொண்டே இருப்பீர்கள், நான் கத்துவேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

வாத்தியாரம்மா


மார்ச் 29

வாத்தியாரம்மாவுக்கு,

நீ சொன்ன அளவில் செய்யக் கொடுத்தேன். "எதுக்குப்பா இந்தக் குட்டை?" என்று கடைசல்காரர் கேட்டதற்கு, "வீட்டுக்காரிக்குப் பிடிச்ச உயரம்" என்றேன். நன்றாகத்தான் செய்து கொடுத்தார். சுத்தமான நாதம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு அதையே எடுத்துக்கொண்டு போனேன். கைப் பழக்கம் வர வேண்டும் இல்லையா? பக்கத்தில் ஒத்துக்காரர் எப்போதும்போல் அந்த ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் வாயில் வைத்து ஊதினேன். அவர் தன் குழலை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

மறுபடி ஊதினேன். சித்தப்பா மேளத்தை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்க்கிறார்கள். பழைய குழலை உறையிலிருந்து எடுத்து ஊர்வலத்தை ஒப்பேற்றினேன். வழி முழுக்க என்னோடு யாரும் பேசவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, பாவம் பார்த்துத்தான்.

இந்தக் குட்டைக் குழலை வைத்துக்கொண்டு உங்கள் கூட்டத்தோடு ஒரு நாள் சேர்ந்துகொள்ளலாம். கை இதற்குப் பழகிவிட்டால் மறுநாள் நான் யாரோடு சேர்வது? நீ அங்கே இருப்பாய். நான் இங்கே என் ஆட்களோடும் ஒட்டாமல் நிற்க வேண்டும்.

என்னிடம் நீ எதையும் கேட்டுக்கொள்வதே இல்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஊர் விட்டுப் போவதைக்கூடச் சொன்னாயே தவிரக் கேட்கவில்லை. கடைசியில் கேட்டாய். இதைத்தானா கேட்க வேண்டும்?

நான் வரவில்லை. கிளாரினெட்காரரை வைத்து முடித்துக்கொள்.


மே 23

குழல்காரருக்கு,

ஏப்ரலில் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் சித்தப்பா எடுத்து, "நல்லா இருக்கான்மா, சாப்பிடுறான், தூங்குறான், உம்முனு இருக்கான்" என்கிறார். அதுவாவது தெரிகிறதே என்று வைத்துவிடுகிறேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுதியிருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். இப்போது இசைக்குழு உங்கள் சுருதிக்கு இறங்கி வருகிறது. வயலின் வகைகளுக்கு அது முடியும். கம்பியைத் தளர்த்தினால் போதும். முதல் வரிசையில் ஒரு மூத்த வயலின்காரம்மா இருக்கிறார். "தளர்த்துனா என் வயலின் தூங்கி எழுந்த மாதிரி பேசுதேம்மா" என்றார். நான்கு ஒத்திகைகள் கழித்து, "தூக்கத்துல பேசுனாலும் பொய் பேசாது போல" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் புல்லாங்குழல், கிளாரினெட், கொம்பு எதையும் அவ்வளவு தூரம் இறக்க முடியாது. ஊதுகிற வாத்தியங்கள் எல்லாவற்றையும், பியானோவையும்கூட எடுத்துவிட்டேன். கிளாரினெட்காரர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். இந்த ஊரில் எனக்கு அறை தேடிக் கொடுத்ததே அவர்தான். "ஒருத்தருக்கு இடம் வேணும்னு எங்க எல்லாரையும் வெளிய உக்கார வெச்சுட்டீங்க. அந்த ஒருத்தர் வர்றேன்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். இப்போது எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார், அவ்வளவுதான். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

பாதிக் குழுவுக்கு வேலை இல்லாத படைப்பைப் பெரிய அரங்கில் போட முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சின்ன அரங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஜூலை 14.

உங்களை வரவழைக்க இப்படிச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வராவிட்டாலும் இனி இது இப்படித்தான். அந்தப் பாட்டு வேறு எந்தச் சுருதியிலும் என் காதில் விழ மாட்டேன் என்கிறது. குழல் வர வேண்டிய இடங்களைக் காலியாகவே விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டேன். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் எல்லோரும் வில்லை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். நானும் காத்திருக்கிறேன்.

வாத்தியாரம்மா


ஜூன் 4

வாத்தியாரம்மாவுக்கு,

காலியாக விட்டு வாசிக்கிறார்களாம். உனக்குப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உன் அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

வருகிறேன். நீளக் குழலோடு.

நான் இல்லாத வாரம் ஒத்துக்காரர் முன்னால் நின்று ஊதுவார். அவர் ஊதினால் மாப்பிள்ளை பாதியிலேயே ஓடிவிடுவான் என்பது சித்தப்பா கருத்து. காலைத் தரையில் ஒட்டவைத்துக்கொண்டு ஊதிப் பழகுகிறேன், மொட்டை மாடியில். இரண்டாம் வரியில் தானாக நடந்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவர் ஓரம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

கறுப்புக் கோட்டெல்லாம் போடச் சொல்லாதே. அங்கே பென்சில் சரியில்லை என்று முன்பு போனில் சொன்னாய், உன் மேஜையில் இருந்ததை எல்லாம் கட்டிக்கொண்டு வருகிறேன். வேறு என்ன வேண்டும், எழுது. ஸ்டேஷனுக்கு வந்துவிடு. அந்த ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும்?

நான்தான்


ஜூலை 17

குழல்காரருக்கு,

நேற்று இரவு வரை நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். டிக்கெட் அப்படித்தான் எடுத்திருந்தோம். கச்சேரிக்கு மறுநாள் காலையில் நான் எழுந்தபோது நீங்கள் இல்லை. கீழே தையல்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். "ஏதாச்சும் சொன்னாராண்ணா?" என்று கேட்டேன். "முன்னாடி வண்டியிலயே கிளம்புறேன்னாரு. முகம் சரியில்ல, அதனால நானும் கேட்டுக்கல" என்றார்.

அன்று மதியம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கண்டக்டரைப் பார்த்தபோது, "உங்க வீட்டுக்காரரை நேத்து மேடைக்குப் பின்னால பாராட்டினேன். இன்னும் மூணு வருஷம் நீங்க இங்க எழுதப்போறதையும் சொன்னேன், அவருக்கும் பெருமையா இருக்கும்ல?" என்றார்.

கேட்டிருக்கிறார்கள், உண்மைதான். போன மாதம் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களிடம் கச்சேரிக்கு முன்னால் சொன்னால் ஊத மாட்டீர்களோ என்று பயந்தேன். முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அன்று ராத்திரி நீங்கள் அவ்வளவு அமைதியாக இருந்ததைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரியைப் பற்றி நாம் பேசவே இல்லையே. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஒத்திகையில் நீங்கள் கண்டக்டரிடம், "இங்க முனை எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். அவர் விழித்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கச்சேரி அன்று முனைப் பாட்டு வரும் இடத்தில் நீங்கள் அரங்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டீர்கள். கூட்டத்தில் சலசலப்பு. தவறு நடந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மேடையில் கடைசி வரிசையில் பெரிய வயலின்களைத் தாங்கி நிற்பவர்கள், எந்த ஒத்திகையிலும் பிந்தியே வந்தவர்கள், அன்று சரியான நொடியில் வந்து சேர்ந்தார்கள். குழல் அவர்களைப் பார்த்து ஊதியதும் அன்றுதான். அவர்கள் சேர்ந்தபோது என் நாற்காலியில் அதிர்வு தெரிந்தது.

அடுத்த வரியில் நீங்கள் கண்டக்டர் கையைப் பார்க்காததால் ஒரு இடத்தைத் தவறவிட்டீர்கள். முழு அரங்கும் ஊமையாகி, பிறகு வயலின்காரம்மா தானாகத் தொடங்கிச் சமாளித்தார். பத்திரிகையில் ஒருவர் 'பாதி அபூர்வம், பாதி குளறுபடி' என்று எழுதியிருக்கிறார். எனக்கு இரண்டு பாதியும் வேண்டும். கிளாரினெட்காரர் பின் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே போகும்போது என்னிடம், "அந்த இடத்துக்கு நான் சரிப்பட்டிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் அந்த ராத்திரியே உங்களோடு பேசியிருக்க வேண்டும்.

இந்த முறை சொல்லவில்லை, கேட்கிறேன். என்ன செய்யட்டும்? வா என்றால் வருகிறேன். இந்த ஊரை நினைத்து ஏங்க மாட்டேன் என்று மட்டும் பொய் சொல்ல மாட்டேன். உங்களை நினைத்து இங்கே எப்படி இருக்கிறேன் என்பதை இந்த அறையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

வாத்தியாரம்மா


ஆகஸ்ட் 2

வாத்தியாரம்மாவுக்கு,

சொல்லாமல் கிளம்பியது தப்பு. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், கீழே தையல்காரர் காது கொடுத்துக் கேட்டிருப்பார். ரயிலில் வழி முழுக்க உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். எதிர்சீட்டு அம்மா, "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா தம்பி?" என்றார். உதடு அசைந்திருக்கும் போல.

நீ கேட்டாய். அதனால் பதில் சொல்ல வேண்டியது என் கடமையாகிறது.

ஒத்திகைக்கு நான் வந்த முதல் நாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நான் உள்ளே வந்ததை நீ பார்க்கவில்லை. அத்தனை பேரை நிறுத்தி, "இல்ல, இது அழுகை இல்ல. முன்னால போறவன் பின்னால வர்றவனுக்குக் குரல் கொடுக்குறான். அழாம வாசிங்க" என்று சொன்னாய். சத்தமே போடவில்லை, ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நம் வீட்டில் நீ பேசிய எந்தப் பேச்சிலும் அது இல்லை. உன் பியானோ மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பல நாள் சும்மா உட்கார்ந்திருப்பாயே, அப்போது இந்தக் குரல் உள்ளே கிடந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அது எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் கேட்டுவிட்டேன். கேட்காத மாதிரி நடந்துகொள்ள என்னால் ஆகாது.

கையெழுத்துப் போடு.

பெருந்தன்மை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதே. மூன்று வருடத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கோபமும் இருக்கிறது, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நீ இங்கே வந்து அந்தக் குரலை மறுபடி உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தால், நான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு இது தேவலை.

நானும் உன்னை ஒன்று கேட்கிறேன். மழை மாதங்களில் இங்கே ஊர்வலம் கிடையாது, உனக்கே தெரியும். மேளத்தோல் நமுத்துப் போகும், நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவோம். சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். "மழைக்காலத்துல நீ இங்க இருந்து என்னத்தக் கிழிக்கிற? போடா" என்று சொல்லிவிட்டார். முதல் மழைக்குக் கிளம்பி வருகிறேன். வெயில் வந்ததும் திரும்ப வேண்டியிருக்கும். அதற்குள் நீ எழுதியதை எல்லாம் ஊதிப் பார்க்கலாம், ஊதாமல் சும்மாவும் இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் இப்படி.

வானத்தைப் பார்க்கிறேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. சனியன் பிடித்த மழை, வேண்டாத நாளில் வந்து ஊர்வலத்தைக் கெடுக்கும், இப்போது பார்த்து வானம் வெறிச்சென்று கிடக்கிறது.

அங்கே உன் அறையில் உன் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்ததில் கழுத்து இன்னும் சரியாகவில்லை. இன்னொரு தலையணை வாங்கி வை.

நான்தான்